மிதிவண்டி பேணல்

நம் கல்லூரி வண்டிக் கொட்டகையிற் காலை வேளையிற் சென்று நிற்பார்க்கு ஒன்று புலனாகும். சில மிதிவண்டிகள் ஓசையின்றி வந்து நிற்கின்றன. பல, தாம் வருமுன்னரே தம் வரவைத் தெருவெல்லாம் அறிவித்து விடுகின்றன. இப்பின்னவை யாவும் பழையன என்று கருதவேண்டா. மேனிலைப் பள்ளியிற் பயின்ற காலத்து அரசினர் விலையின்றி வழங்கிய வண்டிகளும் அவற்றுள் உள. மூன்றாண்டிற்குள் இரும்பு மூப்படைவதில்லை. பேணுவாரின்மையே இந்நிலைக்குக் காரணம். “கடைக்காரர் பார்த்துக்கொள்வார்” என்று நாம் வாளா இருந்துவிடுகிறோம். அக்கடைகளோ, மோட்டார் வண்டிகள் மலிந்துவிட்ட இந்நாளில் வரவர அருகி வருகின்றன. ஆதலின், இரண்டொரு ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் சிறிது எண்ணெயும் கந்தைத்துணியும் கொண்டு இல்லத்திலேயே செய்துகொள்ளத்தக்கன யாவை என்பதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் பிரேக்கைப் பற்றிக் கூறுவோம்; அதற்கு எம்மளவில் ஒரு காரணம் உண்டு. யாம் மாணாக்கராயிருந்த காலத்து, மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், பாலத்துச் சரிவில் இறங்கும்போது முன்பிரேக்கை அழுத்தினோம். ரப்பர்க் கட்டை தன் கூட்டினின்றும் நழுவித் தெறித்து வீழ்ந்தது. எதிரே வந்த கட்டைவண்டிக்காரர் மாட்டை ஒதுக்கியிராவிடில் இக்கட்டுரையை எழுத யாம் இருந்திருப்போமோ என்பது ஐயமே. முழங்கைத் தழும்பு இன்றும் உளது. இரண்டு நாட்களுக்கு முன்னர்ப் புதிய கட்டை மாட்டிய கடைக்காரர் கூட்டைத் திருப்பி மாட்டிவிட்டிருந்தார். பிழை அவருடையதாயினும், அதனைக் கண்டறிய அரை நிமிடமும் வேண்டாத எமது அறியாமை அதனினும் பெரிது.

கட்டை பொருந்தும் இரும்புக்கூட்டின் ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கும். சுழலும் ரிம் கட்டையைத் தன்னோடு இழுத்துச் செல்ல முயலும். அது இழுக்கும் பக்கத்தில் மூடிய முனை இருப்பின் கட்டை அதன்மேல் முட்டிநிற்கும். திறந்த முனை இருப்பின் வெளியே போய்விடும். சக்கரத்தின் மேற்புறம் எஞ்ஞான்றும் முன்னோக்கியே ஓடுதலால், அங்கே பற்றும் பிரேக்குகளில் மூடிய முனை வண்டியின் முன்புறம் நோக்கியிருத்தல் வேண்டும். இதனைச் சரிபார்க்கக் கருவி யாதும் வேண்டுவதில்லை. குனிந்து பார்த்தலே போதும். பிடியை முற்ற அழுத்தியபோது அது ஹாண்டில்பாரைத் தொடுமாயின், கட்டை தேய்ந்துவிட்டது, அல்லது கம்பியை இறுக்கும் காலம் வந்துவிட்டது என்றறிக. ரிம்மில் எண்ணெய்த்துளி விழலாகாது. மழையில் இரும்பு ரிம்மின்மேல் பிரேக்கின் பிடிப்புப் பெரிதும் குன்றும். முதற்சில சுற்றுக்களில் கட்டை நீரைத் துடைக்கிறதேயன்றிச் சக்கரத்தைப் பற்றுவதில்லை. எனவே மழைநாளில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு நெடுந்தூரம் முன்னரே மெல்ல அழுத்தத் தொடங்குவது நலம்.

இனிப் பஞ்சர். பெல்பாஸ்ட் நகரிற் கால்நடை மருத்துவராயிருந்த டன்லப் என்பார், தம் சிறுமகனின் முச்சக்கரவண்டி கல்பாவிய தெருவில் அதிர்வதைக் கண்டு, 1888-ஆம் ஆண்டில் காற்றடைத்த ரப்பர்க் குழாயை அதற்குப் பொருத்தினார். அவர்க்கு முன்னரே, 1845-இல், தாம்சன் என்பார் இக்கருத்துக்கு உரிமைச்சாசனம் பெற்றிருந்தார் என்பது பின்னரே வெளியாயிற்று. காற்றின்மேல் ஏறிச்செல்லும் இன்பத்தை மாந்தர்க்கு அளித்த அவ்விருவரும் முள்ளைப்பற்றி என்ன நினைத்தனரோ அறியோம். கருவேலமுள் நிறைந்த நம் நாட்டு வழிகளை அவர்கள் கண்டதில்லை.

சக்கரம் காற்றிழந்தவுடன் டயரைக் கழற்ற விரையலாகாது. முதலில் வால்வை ஐயுறுக. பழைய முறை வால்வில், சிறுதுளையுள்ள தண்டின்மேல் மெல்லிய ரப்பர்க்குழல் ஒன்று போர்த்தியிருக்கும். நம் வெயிலில் அது விரைவில் நைந்துபோம். வால்வின் வாயில் சிறிது உமிழ்நீர் தடவிக் குமிழி எழின், அவ்வால்டியூபை மாற்றுவதோடு வேலை முடிந்தது. குமிழி எழாவிடில், டயரின் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் நெம்பத் தொடங்குக. திருப்புளியால் நெம்புவது பலர் வழக்கம். அதன் கூர்முனை ஒரு துளைக்கு இரு துளை செய்துவிடும். முனை மழுங்கிய நெம்புகோலே தக்கது; அஃதில்லையேல் கரண்டிக்காம்பும் உதவும் (அன்னையார் அறியாமல் எடுத்தவர் கழுவி வைத்துவிடுக).

வெளியே எடுத்த டியூபிற் காற்றடித்து நீரில் அமிழ்த்தித் துளையைக் கண்டறிந்தபின், செய்யவேண்டுவது ஒன்றுண்டு. டியூபை டயரோடு ஒத்துவைத்து, துளைக்கு நேரான இடத்தில் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தல் வேண்டும். முள்ளின் முனை இன்னும் அங்கே இருக்கும். இதனைச் செய்யாதவரே மறுநாளும் பஞ்சர் ஒட்டுகிறார்கள். துளை ஒன்றாயின்றி, அருகருகே இரண்டாயிருப்பின் அது முள்ளின் வேலையன்று. காற்றுக் குறைந்த டயர் கல்லின்மேல் ஏறியபோது டியூப் ரிம்மிடையே நசுங்கியதன் விளைவு. அவ்விரு துளைகளும் கூறுவது “இனி நன்கு காற்றடி” என்பதே.

ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷனை மெல்லிதாகப் பூசி, ஈரம் போகுமளவும் பொறுத்திருத்தல் வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஈரமாயிருக்கும்போதே ஒட்டுப் போட்டால் பிடிக்கும் என்று எண்ணுகின்றனர், அது பசையன்று. விரல்முதுகு பட்டால் ஒட்டாத அளவு காய்ந்தபின்னரே ஒட்டை வைத்து நடுவினின்று ஓரம் நோக்கி அழுத்துக. டயரை மீண்டும் ஏற்றுங்கால் வால்வினருகே முடித்து, இறுதிப் பகுதியைக் கையாலேயே தள்ளுக.

செயினைப் பற்றிக் கூறுவோம். செயின் நீள்கிறது என்பர், இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளின் ஊசிகள் தம் துளையிற் புகுந்த மண்ணால் அராவப்பட்டுத் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை தேய்ந்தாலும் மொத்தத்தில் நீளம் மிகுகிறது. எண்ணெயும் புழுதியும் கலந்த கரிய சேறு அரத்துக்கு ஒப்பானது. ஆகலின் பழைய அழுக்கின்மேலேயே எண்ணெய் விடுதல் தீமையே செய்யும். மண்ணெண்ணெய் நனைந்த துணியால் துடைத்து, உலரவிட்டு, உருளை ஒன்றுக்கு ஒருதுளி எந்திர எண்ணெய் விட்டு, சிலமுறை மிதியைச் சுழற்றியபின் மேற்புற எண்ணெயை முற்றும் துடைத்துவிடுக. எண்ணெய் வேண்டுவது உள்ளேயன்றி வெளியேயன்று. சமையல் எண்ணெய் ஆகாது, நாளடைவிற் பிசினாகும். மண்ணெண்ணெயை மட்டும் விட்டு நிறுத்துவதும் தவறு. அது உள்ள எண்ணெயையும் கழுவிவிடும்.

தேய்வை அளத்தல் எளிது. ஊசிக்கு ஊசி அரை அங்குலமாதலால், 24 கண்ணிகள் 12 அங்குலம் இருத்தல் வேண்டும். பள்ளி அளவுகோலை வைத்துப் பார்க்க, 1/16 அங்குலம் மிகுந்திருப்பின் புதுச்செயின் வாங்குக. 1/8 வரை விட்டுவைத்தால் அது பற்சக்கரங்களையும் தன்னோடு கொண்டுபோகும், செலவு பன்மடங்காகும். செயினின் இணைப்புக்கண்ணியில் உள்ள சிறு கவ்வியின் மூடிய முனையும், பிரேக்குக் கூட்டைப்போலன்றிக் காரணம் வேறாயினும், செயின் ஓடும் திசையையே நோக்கியிருத்தல் வேண்டும். மேலோடும் செயினில் அது முன்புறமாம்.

சக்கரத்தின் உள்ளே உருளும் குண்டுகளைச் சோதிக்க அழகியதொரு முறை உண்டு. முன்சக்கரத்தைத் தரையினின்றும் உயர்த்தி மெல்லத் தள்ளிவிடுக. சக்கரம் தளர்ந்து நிற்கும்போது வால்வின் சிறு எடையே அதனை ஈர்த்து, வால்வு கீழே வந்து அமையுமாயின் கோன் தக்கபடி உளது. இடையே திடுமென நிற்குமாயின் மிக இறுகியுளது. ரிம்மைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்தால் ‘டக்’கென ஒலிக்குமாயின் தளர்ந்துளது. குண்டுகள் தேய்ந்திருப்பின் ஒன்றிரண்டை மட்டும் மாற்றாமல் அனைத்தையும் மாற்றுக. பழையவற்றினும் நுண்ணளவு பெரிய புதுக்குண்டே முழுச்சுமையையும் தாங்கி விரைவிற் சிதையும்.

மிதியைக் கழற்றுவார் ஒன்று நினைவிற் கொள்க: இடப்பக்கத்து மிதியின் மரை எதிர்முறையானது, கடிகாரமுள் செல்லும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதனை அறியாத எம் விடுதி நண்பர் ஒருவர், கழற்றுவதாகக் கருதி ஒரு பிற்பகல் முழுதும் இறுக்கிக்கொண்டேயிருந்தார்.

ரிம்மின் கோட்டம் எடுத்தலும் ஃப்ரீவீலைப் பிரித்தலும் நாம் தொடற்குரியனவல்ல. பழைய கனத்த வண்டிகளின் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். ஒன்றை இறுக்கினால் அயலவை யாவும் நிலை மாறும். அது கண்ணும் கையும் நெடுநாட் பழகியவர் தொழில்; அவர்க்குரிய கூலியை மகிழ்வோடு கொடுத்துவிடுக. ஃபோர்க்கிலோ சட்டத்திலோ வெடிப்புக் காணின் அன்றே ஓட்டத்தை நிறுத்துக.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்வார், வண்டியைக் காற்றிழந்த டயரின்மேல் நிற்கவிட்டுச் செல்லற்க. மடிந்த இடத்தில் ரப்பர் வெடித்துவிடும். செயினைத் துடைத்து எண்ணெயிட்டு, வெயிலும் சாரலும் படாத இடத்தில் தலைகீழாக நிறுத்தி, பழைய சாக்கு ஒன்றால் மூடிவிட்டுச் செல்க. திரும்பி வந்ததும் முதலில் அழுத்திப் பார்க்கவேண்டுவது பிரேக்கையே.