ஸ்கடர் குடும்பத்துக்கு ஏடு இருக்கிறது... அந்த மூன்று பெண்களுக்கு?

செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினால், வழியில் வல்லம் வரும். அந்த பஸ்ஸில் இருக்கும் யாரிடமாவது, 'உங்க கொள்ளுப்பாட்டி பேரு என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். குலதெய்வத்தின் பெயர் உடனே வரும். பூர்வீக ஊர் வரும். கொள்ளுப்பாட்டியின் பெயர்? பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில்.

ஆனால், அந்த பஸ் போய் நிற்கும் திண்டிவனத்தில் 130 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் பெயர்களை இன்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவிட முடியும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடரின் குடும்பம் அது.

கல்லறையிலிருந்து தொடங்கு!

குடும்ப வரலாற்றைத் தேடுபவர்கள் கடைசியில் இறந்தவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். ஐடா 1960-ம் ஆண்டு மே 24 அன்று கொடைக்கானலில் காலமானார். அடக்கம் செய்யப்பட்டது வேலூரில். பிறந்தது 1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டையில். அங்கிருந்து ஒரு படி மேலே போனால் அப்பா, அம்மா. அப்பா டாக்டர் ஜான் ஸ்கடர், 1835-ல் யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்தவர்.

இன்னொரு படி ஏறினால் தாத்தா. அவர் பெயரும் டாக்டர் ஜான் ஸ்கடர்தான்! 1793-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். நியூயார்க்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, 1819-ல் மனைவி ஹேரியட்டுடனும் கைக்குழந்தையுடனும் கப்பலேறினார். வழியில் கல்கத்தாவில் அந்தக் குழந்தை இறந்துபோனது. யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தவர், 1836-ல் சென்னைக்கு வந்தார். ஹேரியட் 1849-ல் சென்னையில் இறந்தார். அவரோ 1855-ல் தென்னாப்பிரிக்காவில். அவர்களுடைய மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் ஊழியம் செய்தவர்கள். ராணிப்பேட்டையில் இன்றும் இயங்கும் ஸ்கடர் நினைவு மருத்துவமனை, அந்த ஏழு பேரில் ஒருவரான சைலஸ் 1866-ல் தொடங்கியது.

இப்படித் தேடும்போது பெரிய சிக்கல், ஒரே பெயர்தான். தாத்தா ஜான், அப்பா ஜான். அதே வேலூரில் அத்தை ஐடா, அண்ணன் மகள் ஐடா. இருவருமே டாக்டர்கள்! பிறந்த ஆண்டு, ஊர், மனைவி பெயர் மூன்றையும் ஒத்துப் பார்க்காவிட்டால் தாத்தாவைத் தூக்கிப் பேரன் இடத்தில் வைத்துவிடுவோம்.

கணக்கெடுப்பு சொல்லும் கதை

அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். மனைவி, குழந்தைகள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. 1850-ல்தான் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் ஏறியது. அதிலும் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் பெயர்களை எழுதவில்லை. அவர்கள் அனைவருக்கும் பெயர் கிடைத்தது 1870-ல். அதனால் அமெரிக்காவிலேயே பல குடும்பங்களின் தேடல் அந்த ஆண்டோடு முட்டி நின்றுவிடுகிறது. 1890 கணக்கெடுப்பின் ஏடுகளோ, 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோயின.

மற்ற ஏடுகளை 72 ஆண்டுகள் கழித்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1950-ம் ஆண்டு ஏடுகள் 2022-ல் திறக்கப்பட்டன. நம் நாட்டில் அந்த வழி இல்லை. 1948-ம் ஆண்டுச் சட்டப்படி, கணக்கெடுப்பில் தனிநபர் பற்றி எழுதிய விவரம் ரகசியம். மொத்தக் கணக்கு மட்டுமே வெளிவரும்.

திண்டிவனத்தின் அந்த இரவு

ஊழியத்தில் இஷ்டமே இல்லாமல், உடல்நலமில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள 1890-ல் திண்டிவனம் வந்தவர் இளம்பெண் ஐடா. ஓர் இரவு, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் இன்னொரு சாதி இந்து. 'எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அனுப்புகிறேன்' என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று மூவருமே திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த மரணங்கள்தான் ஐடாவை அமெரிக்காவுக்கு அனுப்பின. 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 1902-ல் வேலூரில் மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. எத்தனையோ லட்சம் உயிர்களைக் காப்பாற்றிய ஒரு நிறுவனத்துக்குக் காரணம் அந்த மூன்று பெண்கள். நூறு முறை சொல்லப்பட்ட அந்தக் கதையில் அவர்களின் பெயர் மட்டும் இல்லை. 'பிராமணரின் மனைவி', 'முஸ்லிமின் மனைவி' என்றுதான் வருகிறார்கள். கணவர் பெயர்கூடக் கிடையாது.

நம் வீட்டு ஏடு

நாடு முழுவதும் ஒரே சட்டத்தின் கீழ் பிறப்பு, இறப்புப் பதிவு வந்ததே 1969-ல்தான். அதற்கு முந்தைய தலைமுறையை நாமேதான் தேடியாக வேண்டும். பழைய பத்திரங்களில் அப்பா பெயர், கணவர் பெயர் இருக்கும். பரணில் கிடக்கும் மொய் நோட்டில் ஊர் வாரியாக உறவுகள் இருக்கும். பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடு என்று ஒவ்வொன்றும் ஒரு நூல்முனை.

எல்லாவற்றையும்விட நல்ல ஏடு, வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டி. 'உன் அம்மா பேரு என்ன? அவங்க அம்மா? எந்த ஊர்ல பொறந்தாங்க?' என்று கேட்டு, கையிலிருக்கும் செல்போனில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். பாட்டி சொல்லச் சொல்ல, பெண்களின் பெயர்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் மறந்துபோவது அவைதான்.