கொல்லிமலை: அருவியோடு திரும்பிவிடாதீர்கள்!

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையையே பார்த்துச் சலித்தவர்கள் இந்த லீவுக்குக் கொல்லிமலை போய்வரலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாயகங்கை அருவி... பலரும் இதோடு திரும்பிவிடுகிறார்கள். செம்மேட்டைத் தாண்டி, உள்ளூர்க்காரர் ஒருவர் துணையோடு நடந்தால்தான் பள்ளத்தாக்கில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள் கண்ணில் படும்.

இங்கே பயிர் செய்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளாவை நினைக்க வேண்டாம், பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய அண்ணன் தம்பிகளின் வாரிசுகள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அப்படியானால் நெமிலிச்சேரிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்!

மேட்டு நிலங்களில் முன்பு சாமை, தினை, கேழ்வரகு. இப்போது பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி. அதில் காசு பார்க்கலாம். சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடு பெண்களுக்கு இல்லை. திரும்பும்போது சந்தையில் இரண்டு கிலோ சாமை வாங்குங்கள்.