பைத்தானுக்குப் புணர்ச்சி விதி தெரியுமா?

மாணவர்களே, பைத்தான் நிரல்மொழியில் மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் எழுத்து வரிசைக்குச் ‘சரம்’ என்று பெயர். பூக்களைத் தொடுப்பது போல, ஒரு சரத்தோடு இன்னொன்றைக் கோக்கக் கூட்டல் குறி போதும். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தான் 3 அதை ஏற்கும்.

சிலாங்கூரில் உள்ள டெங்கிலின் முகவரியை எழுதிப் பார்ப்போம்.

ஊர் = "டெங்கில்"
அஞ்சல் = "43800"
அஞ்சல் + ஊர்

விடை: 43800டெங்கில். இடைவெளி எங்கே? நீங்கள் தரவில்லை, பைத்தானும் போடவில்லை. கணினிக்கு இடைவெளியும் ஓர் எழுத்துதான். அஞ்சல் + " " + ஊர் என்று எழுதினால் 43800 டெங்கில் என வரும்.

மேற்கோள் குறியை மறந்துவிடாதீர்கள். "43" + "800" என்றால் விடை 43800. குறி இல்லாமல் 43 + 800 என்றால் விடை 843. முன்னது சரம், பின்னது எண். சரத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் பைத்தான் மறுத்துப் பிழைச் செய்தி காட்டும்.

இனி ஒரு சிக்கல். ‘பேருந்து டெங்கிலில் நிற்கும்’ என்று அறிவிக்கும் செயலியை நீங்கள் எழுதுகிறீர்கள். ஊர் + "இல்" என்று கோத்தால் ‘டெங்கில்இல்’ என வரும். ல் + இ = லி என்பது தமிழ் வகுப்பில் நாம் படித்த விதி. பைத்தானுக்கு அது தெரியாது. கொடுத்ததைக் கொடுத்தபடியே அடுத்தடுத்து வைக்கும், அவ்வளவுதான்.

வழி உண்டு. யுனிகோடு முறையில் ‘ல்’ என்பது ஒரே குறி அன்று. ‘ல’ ஒன்று, மேலே உள்ள புள்ளி ஒன்று. ‘லி’ என்பதும் அப்படியே: ‘ல’ ஒன்று, இகரக் குறி ஒன்று. எனவே புள்ளியை நீக்கிவிட்டு இகரக் குறியோடு தொடங்கும் சரத்தைச் சேர்த்தால் போதும்:

ஊர்[:-1] + "ில்"

இதில் [:-1] என்பது கடைசிக் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுக்கும். இப்போது ‘டெங்கிலில்’ என்று சரியாக வரும். ‘கிள்ளான்’ என்று மாற்றினால் ‘கிள்ளானில்’ வரும்.

ஆனால் ‘காஜாங்’ என்று கொடுத்தால் ‘காஜாஙில்’ என வரும். நாம் சொல்வதோ ‘காஜாங்கில்’. ‘ங்’ என்று முடியும் ஊர்ப்பெயர்களுக்குப் புள்ளியை நீக்க வேண்டுமா, வேறு எதைச் சேர்க்க வேண்டும்? உங்கள் கணினியில் செய்து பாருங்கள். தமிழில் பிழையின்றிப் பேசும் செயலியை எழுத, பைத்தானோடு தமிழ் இலக்கணமும் தெரிந்திருக்க வேண்டும்.