புதுவை மணல் எங்கே போச்சு?
காந்தி சிலை எதிரே கடலுக்குள் போன மணல்வெளி!

புதுவை கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே ஒரு காலத்தில் நல்ல மணல்வெளி இருந்தது. மாலை நேரத்தில் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து சுண்டல் கொறித்தார்கள். பிள்ளைகள் மணல் வீடு கட்டினார்கள்.

அந்த மணல் ஒரே ராத்திரியில் களவு போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. மணல் இருந்த இடத்தில் கருங்கல் குவிந்தது.

மறித்தது யார்?

1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் துறைமுகம் வந்தது. கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. வேலை 1989-ல் முடிந்தது.

நம்ம பக்கத்துக் கடலில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடக்கிறது! தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தெற்கே இருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவக்காற்றில் கொஞ்ச நாள் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம்.

அந்த நடையைச் சுவர் மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே புதுவை நகரம் பட்டினி கிடந்தது.

தேங்கும் மணலை வாரி வடக்கே தள்ள வேண்டும் என்பதும் துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை. அதுதான் வினை.

கல் போட்டால்...

நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். நகரம் பிழைத்தது. ஆனால் அரிப்பு நிற்கவில்லை, இடம் மாறியது! குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே ஏறியது. அங்கேயும் கல். பிறகு எல்லையைத் தாண்டிக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்.

இந்த ஊர்கள் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, மறுபடியும் புதுவை! பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன எல்லைக்கோடு அப்படி. கோப்பு இரண்டு சர்க்கார் மேசையில் கிடக்கும். கடலுக்கு எந்த மேசையும் தெரியாது.

வெவ்வேறு வருஷத்துச் செயற்கைக்கோள் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சங்கதி விளங்கும். தெற்கே கரை கடலுக்குள் நீண்டிருக்கும். வடக்கே உள்வாங்கியிருக்கும். ஒரு குப்பத்தை மட்டும் படம் எடுத்தால் “கடல் சீற்றம்” என்றுதான் தோன்றும்.

ஒரே வரைபடம்

2007-ல் தொடங்கிய “பாண்டிகேன்” என்ற குடிமக்கள் அமைப்பு இதைத்தான் விடாமல் சொல்லிவந்தது. துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டத்தையும் எதிர்த்தது. புதுவை, விழுப்புரம், ஆரோவில், கடலூர் நாலையும் ஒன்றாக வைத்து நிலம், தண்ணீர், கரை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும் என்று 2012-ல் ஒரு வரைவும் வந்தது.

பிறகு 2018-19-ல் சென்னை தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் யோசனைப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் இரும்புத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். கொஞ்சம் மணல் திரும்பியது. ஜனங்கள் மறுபடி காலை நனைத்தார்கள்!

நகரத்துக்குச் சரி. வடக்கே உள்ள மீனவருக்கு?

கட்டுமரமோ படகோ ஏற்றி வைக்க மணல் வேணும். வலை காய வேணும். கருவாடு காய வேணும். கல் மேட்டில் இது எதுவும் நடக்காது. கரையோரம் இருந்த வீடும் போனால் பின்னால் நகர இடமில்லை. அங்கே மனை விலை எகிறிக் கிடக்கிறது.

2019-ம் வருஷக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி, கரையோரத் திட்ட வரைபடத்தில் மீனவக் குப்பம், மீன் காய வைக்கும் இடம், பொதுநிலம் எல்லாம் காட்ட வேண்டும். மக்களிடம் கருத்தும் கேட்க வேண்டும். கோட்டக்குப்பத்துக்காரர் வீராம்பட்டினத்து மணலைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் எந்தக் கூட்டத்தில் பேசுவது? புதுவைக் கூட்டம் அவருடையதல்ல. விழுப்புரம் கூட்டத்தில் துறைமுகம் இல்லை.