மரத்தில் வாழும் ஆக்டோபஸ்

அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் ஓர் ஆக்டோபஸ் இருக்கிறது என்கிறது ஓர் இணையதளம். அறிவியல் பெயர், படங்கள், அழிந்துவரும் அந்த உயிரினத்தைக் காப்பாற்றுங்கள் என்ற வேண்டுகோள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அப்படி ஓர் உயிரினமே கிடையாது. 1998-இல் ஒருவர் வேடிக்கைக்காக உருவாக்கிய தளம் அது.

2006-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு லூவின் குழு, ஏழாம் வகுப்பு மாணவர்கள் 25 பேரிடம் இந்தத் தளத்தைக் காட்டியது. ஒரே ஒருவரைத் தவிர அத்தனை பேரும் அது மிகவும் நம்பகமான தளம் என்றார்கள். இவர்கள் கணினி தெரியாத பிள்ளைகள் இல்லை. இணையத்தில் நன்றாக வாசிக்கக்கூடியவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

நம் வீட்டுப் பிள்ளை செல்போனை லாகவமாகக் கையாள்வதைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். கருவியை இயக்கத் தெரிவது வேறு, அதில் வருவதை எடைபோடத் தெரிவது வேறு. டிஜிட்டல் எழுத்தறிவு என்பதில் இந்த இரண்டாவதுதான் கடினமானது. பள்ளியில் சொல்லித் தராவிட்டால் பெரும்பாலும் அது வருவதும் இல்லை.

படித்துப் பட்டம் பெற்றால் தானாக வந்துவிடுமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு சோதனையில், பெயர் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு குழந்தை மருத்துவர் சங்கங்களின் தளங்களைக் கொடுத்தார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய பெரிய அமைப்பு. மற்றொன்று 2002-இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. மாணவர்களும் வரலாற்றாசிரியர்கள் பலரும் தளத்தின் அழகிலும் முகவரியிலும் மேற்கோள் பட்டியலிலும் மயங்கினார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவே இல்லை. புதிய டேப்களைத் திறந்து, இந்தச் சங்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். உண்மை சீக்கிரமே வெளிவந்தது. இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

பள்ளியில் நாம் பழக்குவது இதற்கு நேர்மாறான வாசிப்பை. பாடநூலை முதல் வரியிலிருந்து கவனமாகப் படி என்கிறோம். அது சரிதான், ஏனென்றால் பாடநூலைப் பலர் சரிபார்த்துத்தான் அச்சிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் உள்ள கியூஆர் குறியீடும் அப்படித் தேர்ந்தெடுத்த காணொலிக்கே கொண்டுபோகிறது. திரையில் வருவதெல்லாம் யாரோ சரிபார்த்தது என்று பிள்ளை எண்ணிக்கொள்ள அங்கேயே இடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருவதை அப்படி யாரும் பார்த்து அனுப்புவதில்லை.

2017-இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது பரவிய ஃபார்வர்டுகள் நினைவிருக்கலாம். வதந்தியை நம்பிப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்ற பெற்றோர் தமிழ்நாட்டிலும் இருந்தார்கள், கேரளத்திலும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு கேரளத்தின் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டறியும் வகுப்புகளை நடத்தியது. என்னைக் கேட்டால், எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் நடக்க வேண்டிய வகுப்பு அது.

இதற்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு செல்போன் போதும். ஒரு ஃபார்வர்டைப் பலகையில் எழுதிவிட்டு மூன்று கேள்விகள் கேட்கலாம். இதைச் சொல்வது யார்? என்ன ஆதாரம் காட்டுகிறார்கள்? மற்ற இடங்களில் இதைப் பற்றி என்ன இருக்கிறது? படம் இருந்தால் அதே படத்தைத் தேடுபொறியில் கொடுத்து, முதலில் எப்போது, எங்கே வந்தது என்று பார்க்கலாம். பழைய வெள்ளப் படம் நேற்றைய வெள்ளமாக வலம்வருவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆசிரியர்களே, உங்கள் செல்போனுக்கு அடுத்து வரும் ஃபார்வர்டை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.