பரையா: ஆங்கிலம் ஏறிய ஒரு தமிழ்ப் பெயர்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் படிக்கும் ஆங்கிலப் பத்திரிகைகளில், 'பரையா' என்றொரு சொல் அவ்வப்போது தலைகாட்டுகிறது. உலக நாடுகள் உறவை முறித்துக்கொண்ட ஒரு நாட்டை அச்சொல்லால் குறிப்பார்கள். அகராதியைப் புரட்டினால், 'சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் காணப்படும். இஃது எம்மொழிச் சொல் என்று அண்டை வீட்டார் நம்மை வினவினால், தமிழ் என்றே விடை கூறவேண்டும். பறையர் என்னும் நம் மக்கட் பெயரே அது.

பறை என்பது தோற்கருவி. அதனை முழக்கியோர் பறையர் எனப்பட்டனர் என்பதே அகராதிகள் பெரும்பாலும் தரும் விளக்கம். 'பறைதல்' என்பதற்குச் சொல்லுதல் என்ற பொருளும் உண்டு. கேரளத்தில் வாழும் நேயர்கள் அதனை அன்றாடம் செவியுறுகிறார்கள். புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரை எண்ணி, இவர்களையன்றி வேறு குடியில்லை என்கிறார். அங்கே அப்பெயரில் இழிவின் சாயல் சிறிதும் இல்லை.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் நம் கரைகளில் இப்பெயரைக் கேட்டனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஃது ஆங்கில நூல்களில் இடம்பெற்றது. தமிழகத்து ஒரு குலத்தாரின் பெயரை, இந்தியாவில் ஒடுக்கப்பட்டோர் அனைவர்க்கும் பொதுப்பெயராக்கினர் ஐரோப்பியர். 1821இல் பாரிஸ் நகரில் 'பரியா' என்ற பெயரில் ஒரு நாடகமே அரங்கேறியது. பின்னர் எந்நாட்டில் யார் ஒதுக்கப்பட்டாலும் இச்சொல்லே வழங்கலாயிற்று. ஆங்கிலேயர் நம் தெரு நாய்க்கும் பருந்துக்கும்கூட இதனை அடைமொழியாக்கினர்! உயிரோடு வாழும் ஒரு மக்களின் பெயர் இது என்ற நினைவே அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆங்கிலப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள், அருஞ்சொல் என்று கருதி இதனைக் கட்டுரையில் எழுதக்கூடும். அவர்களுக்கு இவ்வரலாற்றை எடுத்துரைப்பது பெற்றோர் கடன். 'அவுட்காஸ்ட்' என்ற சொல் ஆங்கிலத்தில் இருக்கவே இருக்கிறது, அதுவே போதும்.

அப்பெயருக்குரியோர் இதனை வாளாவிருந்து பொறுத்துக்கொள்ளவில்லை. 1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழைத் தொடங்கியபோது, 'பறையன்' என்றே அதற்குப் பெயரிட்டார். பிறர் இகழ்ச்சியாக்கிய பெயரை முகப்பிலேயே துணிந்து பொறித்த செயல் அது. வேறு தலைவர்கள் வேறு வழியை நாடினர். எம். சி. ராஜா முதலியோரின் முயற்சியால், 1922இல் சென்னை மாகாண அரசு தன் பதிவேடுகளில் அப்பெயருக்கு மாற்றாக 'ஆதி திராவிடர்' என்பதை ஏற்றது.