மொறுமொறு சமோசாவும் 'தீமி ஆஞ்ச்'சும்

1989-ல் கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஹிந்தி ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். கித்னா, பஸ், நஹீன் சாஹியே. காய்கறிக்காரரிடம் இந்த மூன்றை வைத்துக்கொண்டே குடித்தனம் நடத்திவிடலாம். சமோசா பண்ணுவதற்கு மட்டும் நாலாவதாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

ராமகிருஷ்ணபுரத்தில் எங்களுடையது சர்க்கார் குவார்ட்டர்ஸ். எதிர் வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டியை எல்லோரும் 'பீஜி' என்றுதான் கூப்பிடுவார்கள். 1947 பிரிவினையின்போது ராவல்பிண்டியிலிருந்து கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தவர். நாங்கள் குடிவந்த அன்று மாலையே ஒரு தட்டு நிறையச் சமோசா கொண்டுவந்து கொடுத்தார். காலையில் மிச்சமிருந்த ஒன்றைக் கடித்தால் அப்போதும் மொறுமொறு!

எப்படிப் பண்ணினீர்கள் என்று கையையும் கண்ணையும் வைத்தே கேட்டேன். அவரும் ஐந்து நிமிஷம் சொன்னார். ஆலு புரிந்தது, மைதா புரிந்தது. முடிவில் ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டி, "தீமி ஆஞ்ச், பேட்டா, தீமி ஆஞ்ச்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது இஞ்சி! இவ்வளவு அழுத்திச் சொல்கிறாரே, இஞ்சிதான் ரகசியம் போலிருக்கிறது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ உருளைக்கிழங்குக்கு ஒரு விரல் நீள இஞ்சியை அரைத்துப் போட்டேன். எண்ணெயைப் புகைய விட்டுப் பொரித்தேன். இரண்டு நிமிஷத்தில் நல்ல நிறம் வந்துவிட்டது. தட்டில் வைத்துக் காப்பி கலந்து வருவதற்குள் தொப்பென்று ஆகிவிட்டது. உள்பக்கம் மாவு பச்சையாகப் பல்லில் ஒட்டியது. என் கணவர் ஒன்றைத் தின்றுவிட்டு, "ஜலதோஷத்துக்கு நல்லது" என்று மட்டும் சொன்னார்.

ஆஞ்ச் என்றால் தணல், தீமி ஆஞ்ச் என்றால் 'சிம்'மில் வை என்று ஒரு மாதம் கழித்து அவரே ஆபீஸில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். அர்த்தம் தெரிந்துவிட்டதே தவிர, கை கேட்கவில்லை. நம் கை பூரியும் அப்பளமும் பொரித்துப் பழகிய கை. எண்ணெய் நன்றாகக் காய வேண்டும், போட்டதும் குபீரென்று எழும்ப வேண்டும். மந்தமான எண்ணெயில் எதையாவது போட்டால் எண்ணெய் குடித்துவிடும் என்று அம்மா தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவு சுலபத்தில் போகுமா? ஐந்தாறு வருஷம் நானும் அவ்வப்போது பண்ணிப் பார்த்துவிட்டு, கடைச் சமோசாவே மேல் என்று விட்டுவிட்டேன்.

விட முடியாமல் போனது 1995-ல். மாமனார் காலமான பிறகு மாமியார் தஞ்சாவூரை விட்டு எங்களோடு வந்துவிட்டார். வெளியில் வாங்கிய பண்டம் எதையும் தொடமாட்டார். முந்தின வருஷம் பையன் பிறந்த நாளுக்கு மார்க்கெட் ஹல்வாய் கடையிலிருந்து சமோசா வாங்கினோம். கூடம் நிறையப் பிள்ளைகள் தின்றுகொண்டிருக்க, மாமியார் உள்ளே தனியாக உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டார். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. பையன்தான் பார்த்து வைத்திருந்தான். அந்த வருஷம் ஐந்து வயது முடியப் போகிறது. "பாட்டி சாப்பிடற சமோசாதான் வேணும். ஆனா கடையில இருக்கற மாதிரியே இருக்கணும்" என்று ஒரே பிடிவாதம். பிறந்த நாள் வேறு புரட்டாசியில். மாமியாருக்கு அந்த மாதம் முழுக்க வெங்காயமும் கிடையாது.

வேறு வழியில்லாமல் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பீஜி முதல் நாளே எங்கள் சமையலறைக்கு வந்துவிட்டார். மாமியாரும் உள்ளே வந்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, மற்றவருக்கு ஹிந்தி தெரியாது.

பீஜி மைதாவில் நெய்யை ஊற்றி விரல் நுனிகளால் பிசிற ஆரம்பித்ததும் மாமியார், "அட, சோமாசிக்குப் பண்ற மாதிரி!" என்றார். ஒரு பிடி மாவை பீஜி உள்ளங்கையில் இறுக்கிக் காட்டினார். பிடி உடையாமல் நின்றது. விரலால் தட்டியதும் உதிர்ந்தது. "புட்டு மாவுப் பதம்" என்றார் மாமியார். ஐந்து வருஷமாக எனக்குப் பிடிபடாதது அவருக்கு ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. இந்த நெய்க்கு ஹிந்தியில் 'மோயன்' என்று பெயர். நெய் மாவைப் பூசிக்கொண்டுவிட்டால் தண்ணீர் பட்டாலும் மாவு ரப்பர் மாதிரி இழுபடாது. பொரிந்தால் பிஸ்கட் மாதிரி உடையும்.

அடுப்பிடம் வந்ததும்தான் சண்டை. வாணலியில் எண்ணெய் லேசாகச் சூடானதுமே பீஜி சமோசாவைப் போட்டார். "எண்ணெய் காயவே இல்லையே, அதுக்குள்ள போடறாளே!" என்று மாமியார் எழுந்து வந்து அடுப்பைப் பெரிதாக்கினார். பீஜி சிரித்துக்கொண்டே திரும்பவும் சின்னதாக்கினார், "தீமி ஆஞ்ச்." மாமியார் பெரிதாக்கினார். இப்படி இரண்டு மூன்று தடவை. கடைசியில் பீஜி, மாமியார் கையை அப்படியே பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி கால் மணி நேரம் வாணலியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எடுத்த சமோசாவைக் கரண்டியால் தட்டினால் ஓட்டைத் தட்டுவது போல 'டக் டக்' என்று சத்தம் கேட்டது.

விஷயம் இதுதான். காய்ந்த எண்ணெயில் போட்டால் மேல் தோல் உடனே சிவந்துவிடும். உள்ளடுக்கு மாவில் ஈரம் அப்படியே இருக்கும். வெளியில் எடுத்த பிறகு அந்த ஈரம் மெல்ல மேல் தோலுக்கு வந்து அதையும் நமுத்துப்போக வைக்கும். தோலில் கொப்புளம் கொப்புளமாக வருவதும் இதே அவசரத்தால்தான். மிதமான எண்ணெயில் நேரம் கொடுத்தால் மாவின் ஈரம் முழுக்க வெளியேறிவிடும். எண்ணெய் குடிக்காதா என்றால், நெய் போட்டுக் கெட்டியாகப் பிசைந்த மாவு அவ்வளவாகக் குடிப்பதில்லை. தளரப் பிசைந்தால் குடிக்கும்.

சமோசா டெல்லிக்குப் புதிதல்ல. 14-ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா, முகம்மது பின் துக்ளக்கின் விருந்தில் இதைச் சாப்பிட்டதை எழுதியிருக்கிறார். (துக்ளக் என்றதும் நமக்குச் சோவின் பத்திரிகைதான் ஞாபகம் வரும்!) அன்றைய சமோசாவில் கொத்துக்கறியும் பாதாமும் பிஸ்தாவும். உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் நம் நாட்டைப் பார்த்தன. ஆகவே 'அசல்' சமோசா எது என்று யாரும் சண்டை போட வேண்டாம். காய்கறி போட்டதும் சமோசாதான்.

இனி அளவு. நடுத்தர அளவில் பதினாறு சமோசாவுக்கு மைதா 250 கிராம், உருக்கிய நெய் அல்லது டால்டா 60 கிராம், அரை ஸ்பூன் ஓமம், அரை ஸ்பூன் உப்பு. ஓமத்தைக் கசக்கிப் போடுங்கள். நெய்யைப் பார்த்து மலைத்துப்போய்ப் பாதியாகக் குறைத்தீர்களானால் வருவது பூரிக்குள் பொரியல்தான். பிசிறி, பிடி பார்த்து, குளிர்ந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகத் தெளித்து மாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் டம்ளருக்குச் சற்று மேலே போதும். பூரி மாவைவிடக் கெட்டியாக, கொஞ்சம் விரிசலோடு இருந்தாலும் பரவாயில்லை. அடித்துப் பிசைய வேண்டாம். ஈரத்துணி போட்டு மூடி அரை மணி வைத்தால் தானே சரியாகிவிடும்.

பூரணத்துக்கு நாலு பழைய உருளைக்கிழங்கு. புதுக்கிழங்கில் ஈரம் ஜாஸ்தி. தோலோடு வேகவைத்து, ஆறியதும் கையால் உடைத்துப் போடுங்கள். மசித்தால் போண்டாவுக்குள் இருப்பது மாதிரி ஆகிவிடும். கூட ஒரு கிண்ணம் பொடியாக நறுக்கிய காரட், பீன்ஸ், காலிஃப்ளவர். குளிர்காலத்தில் பச்சைப் பட்டாணி. டெல்லியில் குளிர்காலத்தில் வரும் சிவப்புக் காரட் அல்வாவுக்குப் பிரமாதம், சமோசாவுக்கு ஆகாது. நீர் விடும். காய்களைத் தண்ணீரில் வேகவைக்காதீர்கள். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் சீரகமும், ஒன்றிரண்டாகத் தட்டிய தனியாவும், கொஞ்சம் சோம்பும் பொரியவிட்டு, பச்சை மிளகாய், இஞ்சி (ஒரு சின்னத் துண்டு போதும், என் மாதிரி செய்யாதீர்கள்) சேர்த்துக் காய்களைப் போட்டு, மூடாமலேயே வதக்குங்கள். மூடினால் ஆவி திரும்ப அதன் மேலேயே சொட்டும். வதங்கியதும் கிழங்கு, உப்பு, மிளகாய்ப்பொடி, ஒரு ஸ்பூன் ஆம்சூர். கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் தாம்பாளத்தில் பரப்பிவிடுங்கள். சூடு முழுக்கப் போக வேண்டும். சூட்டோடு நிரப்பினால் உள்ளே வியர்த்து மாவை நனைத்துவிடும். வடக்கத்திச் சமோசாவில் வெங்காயம் போடாததற்கும் காரணம் இந்த நீர்தான் என்பார் பீஜி. நம்மூர் டீக்கடை வெங்காயச் சமோசாவில் கொஞ்சம் அவல் கலப்பார்கள் தெரியுமோ? அந்த நீரை அவல் உறிஞ்சிக்கொண்டுவிடும். வெங்காயம் இல்லாமல் முடியாது என்பவர்கள் அப்படிச் செய்யலாம்.

மாவை எட்டு உருண்டையாக்கி, ஒவ்வொன்றையும் சற்று நீளவாட்டில் சப்பாத்தி கனத்துக்கு இட்டு, குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். மாவு தூவி இடக்கூடாது. தூவினால் ஓரம் ஒட்டாது, எண்ணெயும் கறுத்துப்போகும். வெட்டிய ஓரத்தில் தண்ணீர் தடவி, கடலைப் பொட்டலம் மடிக்கிற மாதிரி கூம்பாக்கி, முக்கால் வாசி நிரப்பி, பின்பக்கம் ஒரு சின்னக் கொசுவம் வைத்து வாயை அழுத்தி மூடினால் தட்டில் நிமிர்ந்து உட்காரும். ஃபேன் காற்றில் கால் மணி வையுங்கள். தோல் கொஞ்சம் உலர்ந்தால் பொரிக்கும்போது கொப்புளிக்காது.

எண்ணெயில் மாவைக் கிள்ளிப் போட்டால் அது அடியிலேயே கிடந்து, நாலைந்து முத்து முத்தான குமிழி விட்டு, யோசித்து யோசித்து மேலே வர வேண்டும். பூரிக்கு 180 டிகிரி என்றால் இதற்கு ஆரம்பத்தில் 140 போதும். நம் வீட்டில் யார் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார்கள், மாவே சொல்லிவிடும். ஒரு ஈடுக்கு நாலு அல்லது ஐந்து. முதல் ஐந்து நிமிஷம் கரண்டி போடாதீர்கள். மெல்லத் திருப்பிவிட்டுப் பன்னிரண்டு, பதினைந்து நிமிஷம் பொறுமையாக இருங்கள். கடைசி இரண்டு நிமிஷம் மட்டும் அடுப்பைப் பெரிதாக்கினால் நிறமும் வந்துவிடும், உள்ளே போன எண்ணெயும் வெளியே வந்துவிடும். அடுத்த ஈடுக்கு முன் அடுப்பை அணைத்து எண்ணெயைத் தணியவிட வேண்டும். நிறையப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். முதல் ஈடு பிரமாதமாக இருக்கும், இரண்டாவது கொப்புளம்.

முப்பது பிள்ளைகளுக்குப் பதினைந்து பதினைந்து நிமிஷமாக எப்போது பொரித்து முடிப்பது? இதற்கும் பீஜி வழி வைத்திருந்தார். காலையிலேயே எல்லாவற்றையும் வெளுப்பாக, முக்கால் பதத்தில் பொரித்து, முறத்தில் பழைய வேஷ்டியை விரித்துப் பரப்பிவிட்டோம். ஹல்வாய்களும் இப்படித்தான் செய்கிறார்கள். மாலையில் கேக் வெட்டும் நேரத்துக்கு இரண்டு நிமிஷம் மறுபடி போட்டு எடுத்தால் சுடச்சுடச் சமோசா.

அன்று மாலை மாமியார் கூடத்தில், பிள்ளைகள் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் சமோசாவைப் பையன் கொண்டுபோய் அவரிடம்தான் கொடுத்தான். அவர் அதை இரண்டாக உடைத்து, உள்ளே மாவு வெந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பாதியைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பீஜியிடம் நீட்டினார். அப்புறம் மூன்று சாப்பிட்டார், எண்ணினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சமோசா அவருடைய டிபார்ட்மென்ட். ஹிந்தி கடைசிவரை அவருக்கு வரவில்லை. அந்த இரண்டு வார்த்தையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். ஆட்டோக்காரர் வேகமாக ஓட்டினால்கூட, "தீமி ஆஞ்ச், தீமி ஆஞ்ச்" என்பார். அவரும் புரிந்துகொண்டு மெதுவாக ஓட்டுவார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இத்தனை பாடுபட்டுப் பண்ணிவிட்டு, ஆறிப்போய்விடுமே என்று ஹாட் கேஸில் போட்டு மூடிவிடாதீர்கள். பத்தே நிமிஷத்தில் ஆவியில் நமுத்துவிடும். கம்பித் தட்டிலோ முறத்திலோ ஒன்றின்மேல் ஒன்று படாமல், திறந்தே வையுங்கள். மிஞ்சியது மறுநாள் காலையில் வெறும் தோசைக்கல்லில் சின்னத் தணலில் பத்து நிமிஷம் திருப்பித் திருப்பி வைத்தால் போதும்.